வளையம் இல்லாத கிருமி

மதிய வெளிச்சம் ஜன்னல் திரையின் ஓரமாக நுழைந்து நுண்ணோக்கியின் மேல் விழுகிறது. தங்கையின் குழந்தையை வயிற்றிலேயே கொன்ற கிருமியை, ஆராய்ச்சியாளரான அக்கா குனிந்து பார்க்கிறாள். நம் செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்தைத் தன் சுவரில் பொருத்திக்கொள்ள அதற்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை அவள் நீக்கியிருக்கிறாள். இதற்கு முன் செய்த சோதனைகளிலெல்லாம், சாயமேற்றிய புரதம் கிருமியைச் சுற்றிப் பச்சை வளையமாக ஒட்டியே இருந்தது. இன்று வளையமில்லை, பச்சை நிறம் நீரில் கலைந்து மிதக்கிறது.

"இந்தத் தடவையும் ஒட்டிக்கிச்சாக்கா?" என்கிறாள் பக்கத்து மேசைத் தோழி.

"ஒட்டல."

பார்வை மங்குகிறது. புறங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். தோழி பார்க்காததுபோல் திரும்பிக்கொள்கிறாள்.

"தங்கச்சிகிட்ட சொல்லுங்கக்கா."

"இன்னொரு தடவையும் இதே மாதிரி வரட்டும், சொல்றேன்" என்றபடி அவள் புதிய கையுறையை மாட்டுகிறாள்.