வெந்நீர்க்காரி

பாறையடி ஓரா மீன்களுக்குத் தங்கள் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி ஏகப் பெருமை. கரையோரம் சூடான, ஆழமில்லாத தண்ணீரில் வாழும் ஓராக்களோடு அவை பெண் கொடுத்துப் பெண் எடுப்பதே இல்லை. புள்ளியம்மாளின் மூத்த மகன் மட்டும் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அந்த வெந்நீர்க்காரி என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் புள்ளியம்மாள். பேரப்பிள்ளைகளைக்கூட அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் பாறையடித் தண்ணீரும் சுட்டது. மற்ற வீட்டுக் குஞ்சுகளெல்லாம் மூச்சுத் திணறித் துவண்டு கிடக்க, மருமகளின் குஞ்சுகளில் பாதிக்குமேல் பாசியைக் கடித்துக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடின.

புள்ளியம்மாள் ஒரு பகல் முழுக்கப் பார்த்தாள். பிறகு மருமகளின் வாசலில் போய் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, உங்க பக்கம் கல்யாணமாகாத பையன் யாராவது இருக்கானா? என் கடைசிப் பொண்ணுக்குக் கேக்கிறேன்."