தறியில் மாட்டாத சங்கிலி

“கறுக்காதுன்னு சொல்றே, சரி. தினமும் போட்டாலும் கறுக்காதா?” என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

கவரிங் கடைப் பெண் நதியா, அவர் நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டையையும் கையில் இருந்த சிலுவைச் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு இல்லம்மா. என் மூஞ்சிக்கு உருத்திராட்சமே எடுபடல. மருமகளுக்கு. ஏஞ்சல்னு பேரு.”

வேர்வையும் சோப்பும் படாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வருடம் தாங்கும் என்றாள் நதியா. வேர்வை படாமல் இருக்க அவள் என்ன பேங்க் மேனேஜரா, பட்டுத் தறியில் உட்காருகிறவள் என்றார் அவர். கல்யாணமாகி வந்தபோது பாவு எது, ஊடை எது என்று தெரியாத பெண், இப்போது அவரைவிட நன்றாக நெய்கிறாளாம். அவரைவிட நன்றாக நெய்வது பிள்ளையார்பாளையத்தில் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அவர் மனைவி மங்கையர்க்கரசி ஒவ்வொரு சங்கிலியாக எடுத்துத் தன் கழுத்தருகே பிடித்து, சிலுவை எதுவரை தொங்குகிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

“அவகிட்ட முன்னாடியே ஒண்ணு இருந்துதும்மா,” என்று கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். “எங்க குமரகுரு அவளைக் கட்டிக்கினு வந்த அன்னிக்கே, இந்த வீட்ல கழுத்துல தாலி மட்டும்தான்னு சொல்லி இவ கழட்டி வாங்கிட்டா. வீட்ல வைக்கவும் பயம், தூக்கிப் போடவும் பயம். கடைசில கோயில் உண்டியல்ல கொண்டுபோய்ப் போட்டுட்டா. எண்ணினவங்க என்ன நினைச்சாங்களோ.”

நதியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

நாளைக் காலையில் ஏஞ்சல் மாகறலுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பி வருவாயா என்று கேட்க இவர்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லையாம். அவள் கிளம்புவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டுமாம். மாமியார் மருமகள் சண்டை முற்றிவிட்டது போல என்று நதியா நினைத்துக்கொண்டாள். சமாதானத்துக்குத்தான் என்றால் பவுனிலேயே வாங்கலாமே என்றாள்.

“கொஞ்ச நாளா தறி ஓடல. அது கிடக்கட்டும். பவுன்ல குடுத்தா, கணக்கு முடிச்சு அனுப்புறாங்கன்னு நினைச்சுக்குவா. இதுன்னா தினம் போட்டுக்குவா. கறுத்துப்போனா, மாத்திக் குடுங்கன்னு கேட்டுக்கினு வருவா இல்ல?”

சொல்லிவிட்டுத் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். மழமழவென்று மொட்டை.

“திருத்தணியாங்க ஐயா?”

“முடிதானேம்மா. கேட்டா குடுத்துட வேண்டியதுதான்.”

மங்கையர்க்கரசி ஒருவழியாக ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தாள். கழுத்தை ஒட்டி நிற்கும் குட்டைச் சங்கிலி, அதில் நகத்தளவு சிலுவை. குனிந்து நெய்தாலும் பாவு நூலில் மாட்டாது.

“இது வேணாம்மா,” என்றாள் நதியா. “தாலிக் கயிறுல உரசி ஒரே மாசத்துல முலாம் போயிடும். ரெண்டும் சிக்கிக்கும். நீளமா எடுங்க.”

கலியாணசுந்தரம் அந்தக் குட்டைச் சங்கிலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இதையே போடும்மா,” என்றாள் மங்கையர்க்கரசி. “உரசறதுக்கு அவ கழுத்துல இப்ப ஒண்ணும் இல்ல. முந்தாநாள் எம்பையன் கருமாதியில அதையும் கழட்டி வாங்கிட்டோம்.”