பாப்பா ஊட்டுல இல்ல

"பாப்பா ஊட்டுல இல்லையே ஜீவிதா! சிநேகிதி ஊட்டுக்குப் போயிருக்கா."

கேட்டைப் பாதி திறந்து, மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு கூசாமல் சொன்னாள் கற்பகம். மகள் மோனிஷா உள்ளே அறையில்தான் இருந்தாள்.

வாசலில் நின்ற ஜீவிதா கையிலிருந்த கவரைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள். புருசன் தவறி எட்டு மாசம் ஆகிறது.

"ஒரே ஒரு காயிதம்தானுங்கக்கா. எப்ப வந்தா பாப்பாவப் பாக்கலாமுங்க?"

"பரிச்சை முடியட்டுமே! காயிதத்துக்குக் காலா மொளச்சிருக்கு, ஓடிப் போறதுக்கு?"

ஜீவிதா தலையாட்டிவிட்டுப் போனாள். கற்பகம் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். காலையிலிருந்து இது நாலாவது ஆள்!

எல்லை தாண்டி மலையாளத்து மண்ணில் இருக்கும் எலப்புள்ளியில் அந்தத் தெரு முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளத்தில் வெளுத்து வாங்குவார்கள். எழுத்தென்று வந்துவிட்டால் கையைப் பிசைவார்கள். கற்பகமும் அதே கதைதான். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த மோனிஷாவிடம்தான் பஞ்சாயத்து நோட்டீஸிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் எல்லாம் வரும். பொறுமையாகப் படித்துச் சொல்வாள். இந்த வீட்டு விஷயம் அந்த வீட்டுக்குப் போகாது. அதனாலேயே கூட்டம் இன்னும் ஜாஸ்தி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நுழைவுத் தேர்வு கோச்சிங் சென்டர் சார் கற்பகத்தைக் கூப்பிட்டுப் பேசுகிற வரைக்கும்.

"இங்கிலீஷ்ல மத்ததெல்லாம் போட்டுடறாம்மா. பத்தியைப் படிச்சுப் பதில் சொல்ற இடத்துலதான் கோட்டை விடறா. பதினஞ்சு கேள்விக்கு அஞ்சுதான் சரி. இப்படியே போனா சென்ட்ரல் யுனிவர்சிட்டி சீட்டை மறந்துட வேண்டியதுதான். தினமும் ரெண்டு மணி நேரம் இடைஞ்சல் இல்லாமப் படிக்கணும்."

இடைஞ்சல்! கற்பகம் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் பாப்பா ஊட்டில் இல்லை.

"அம்மா, யாரோ வந்தாங்களே?"

"கேபிள்காரன். நீ படி சாமி."

மாதிரித் தேர்வில் ஐந்து எட்டானது. எட்டு பதின்மூன்றானது. கற்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பொய் சொன்னால்தான் என்ன, குடியா முழுகிவிட்டது?

தேர்வும் வந்தது. எழுதிவிட்டு வந்த மோனிஷா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா! பதினஞ்சும் போட்டுட்டேன்! ஒரு தடவை படிச்சதுமே புரிஞ்சுருச்சு!"

கற்பகம் நெய்யை அள்ளி ஊற்றிக் கேசரி கிண்டினாள். அடுப்பை அணைக்கும்போதே வாசலில் ஜீவிதாவின் குரல்.

"பரிச்சை நல்லா எழுதினயா கண்ணு?"

"வா ஜீவிதா, வா! இனி எத்தனை காயிதம் வேணும்னாலும் கொண்டா!" கற்பகத்துக்கு அன்றைக்குத் தாராள மனசு.

மோனிஷா கவரைப் பிரித்தாள். முதல் வரியில் சிரித்தாள். நாலாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் கம்பெனியில இருந்து வந்திருக்கு. அவரோட வேலையை உங்களுக்குத் தர்றாங்களாம். ஆனா சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு, பதினெட்டாம் தேதிக்குள்ள நேர்ல வரச் சொல்லியிருக்காங்க."

அன்றைக்குத் தேதி இருபத்திரண்டு.

"வேற யாருகிட்டயாவது காட்டியிருக்கலாமேக்கா?"

"எப்படிக் கண்ணு காட்டறது? என்ற கொழுந்தன் வினோவும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். மத்தவிய படிச்சா அவன் காதுக்குப் போயிருமே."

மோனிஷா கடிதத்திலிருந்த நம்பருக்கு அப்போதே போன் செய்தாள். மலையாளத்தில் கெஞ்சினாள். ஆபீஸில் யாரோ ஒருவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"நீங்க வரலைன்னதும் நேத்து அந்த வேலையை வினோ அண்ணனுக்குக் குடுத்துட்டாங்களாம்க்கா."

ஜீவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

மோனிஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, முன்னாலயே என்கிட்ட வந்திருக்கலாமே! நான் வீட்டுலயேதான இருந்தேன்!"

கற்பகம் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். இதோ, ஜீவிதா சொல்லப்போகிறாள். பெற்ற மகள் முன்னால் மானம் போகப்போகிறது.

ஜீவிதா கற்பகத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"பொட்டிக்குள்ள வெச்சேன் கண்ணு. மறந்தே போயிட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். கற்பகம் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஜீவிதா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அன்னிக்கு மோனி ஊட்டுல..."

"தெரியுமுங்கக்கா. காயிதத்துல இப்படித் தேதி போட்டிருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா, உங்களத் தள்ளிட்டு உள்ள வந்திருப்பேன். பாப்பா சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருந்தது வாசல் வரைக்கும் கேட்டுது. நம்ம தெருவுல ஒரு புள்ளையாச்சும் பெரிய படிப்புப் படிக்கட்டும்னுதான் பேசாமப் போனேன். அதுகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா, தாங்காது."