இருபதுக்கு இருபது

"ஊசி போட்ட இருபது எலிக்கும் வலிப்பு. போடாத இருபதும் சும்மா உட்கார்ந்திருக்கு. இவ்வளவு சுத்தமான முடிவு உலகத்துல யாருக்கும் வந்ததில்லை, சார்!" என்றார் டாக்டர் வெள்ளத்துரை.

எதிரே டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி ஜார்ஜ். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் டாக்டர் லண்டன் மாநாட்டில் பேசலாம். கோட்டு தைத்தாகிவிட்டது.

1959. திருவொற்றியூர் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடம்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மூளையில காபான்னு ஒண்ணு உற்பத்தியாகுது. நரம்புக்கு அதுதான் பிரேக். என் மருந்து அதை உற்பத்தியாகவே விடாது. பிரேக் இல்லாத லாரி என்ன ஆகும்? அதுதான் வலிப்பு."

"ஊசி நீங்களே போட்டீங்களா?"

டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எலி ரூம்ல நான் கால் வைக்கிறதில்லை. நாத்தம் தாங்காது. அதுக்கு அப்பாவுன்னு ஒரு ஆள் இருக்கான். எதுக்கு ஊசி, எதுக்கு வேண்டாம்னு பிரிக்கிறதும் அவன்தான். வந்து கணக்குச் சொல்வான், எழுதிக்குவேன்."

"அவருக்கு ஆராய்ச்சி பத்தித் தெரியுமா?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை! வலிப்பு மருந்துன்னு பேர் மட்டும்தான் தெரியும்."

"அபாரம்!" ஜார்ஜ் பேனாவைத் திறந்தார். "விஷயம் தெரியாதவர் பிரிச்சாத்தான் பாரபட்சம் இருக்காது. அவரைக் கூப்பிடுங்க, பாராட்டணும்."

வியாசர்பாடி அப்பாவு, ஆறு வருடமாகத் தினக்கூலி, கையை வேட்டியில் துடைத்தபடி வந்து நின்றான்.

"எலிங்களை எப்படிப்பா பிரிச்சே?"

"அது இன்னா பேஜாரு சார்! ஹார்பர் குடோன்ல எலி மருந்து வெச்சிகினு கீறாங்கோ. அங்கேர்ந்து புடிச்சாந்ததுல பாதி, வர்றப்பவே வலிப்பு வந்து இஸ்துகினு கெடந்துச்சு. பாவம், அதுங்களுக்குத்தான் ஊசி போட்டேன். நல்லா கீற எலிக்கு எதுக்கு சார் வலிப்பு மருந்து?"

பேனா மூடும் சத்தம் கேட்டது.

அப்பாவு டாக்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க மருந்து சரியில்ல. ஒண்ணுத்துக்குக்கூட வலிப்பு நிக்கல."