எதுக்கும் இன்னொரு தடவை

கேமில் ஏழுதலை முதலையைக் கொன்றுவிட்டதாக மவுஸ் சொன்னதும் கீபோர்டு சிரித்துவிட்டது.

"வீடியோ காட்டு தம்பி, நம்புறேன். இல்லாட்டி இன்னையிலேர்ந்து உன் பேரு புளுகு மவுஸ்."

மானப் பிரச்சினை. மவுஸ் நேராக ரெக்கார்டரிடம் போனது. திரையில் நடப்பதை அப்படியே பிடித்து வைக்கும் மென்பொருள் அவர். முகம் தெரியாத நூறு பேர் கூடி எழுதி, ஊருக்கே இலவசமாக விட்டவர்.

"எங்கிட்ட ஒரே பொத்தான்தான் தம்பி. அமுக்கினா ஓடுவேன், மறுபடி அமுக்கினா நிப்பேன்."

மவுஸ் அமுக்கியது.

"ஓடுது," என்றார் ரெக்கார்டர்.

ஓசியில் வந்த ஆளை நம்ப முடியாது, எதுக்கும் இருக்கட்டும் என்று மவுஸ் இன்னொரு தடவை அமுக்கியது. ரெக்கார்டர் சொன்ன சொல் தவறாமல் நின்றார்.

அன்று மவுஸ் ஏழு தலையையும் வரிசையாகச் சீவித் தள்ளியது. முடித்த கையோடு பொத்தானை அமுக்கிவிட்டு, கேமை மூடி, திரை முழுக்க ஆடித் தீர்த்தது. ஆடி ஓய்ந்ததும், ரெக்கார்டர் நின்றாரோ என்னவோ என்று சந்தேகம் வந்து மறுபடி அமுக்கியது. பிறகு கீபோர்டைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டது.

முதலையைக் காணோம். வெறும் திரையில் ஓர் அம்புக்குறி மூன்று நிமிடம் குத்தாட்டம் போட்டது.

"ஆட்டம் அருமை, புளுகு," என்றது கீபோர்டு. "முதலை லீவா?"

மவுஸ் ரெக்கார்டரை முறைத்தது. "நான் அமுக்கினது உங்களுக்குப் பத்தலை அண்ணே."

மறுபடி முதலையின் முன்னால் போய் நின்று, இந்த முறை நான்கு தடவை அமுக்கியது. ரெக்கார்டர் ஓடினார், நின்றார், ஓடினார், நின்றார்.