டெல்மியின் ஒரு வாக்கியம்

“டீச்சர், ‘ஹூ’ போட்டு ரெண்டு வாக்கியத்தை ஒண்ணாச் சேர்க்கிற பாடம் மட்டும் எனக்குப் போதும்” என்றாள் டெல்மி.

சான் சால்வடாரின் அந்த மாலை வகுப்பே சிரித்தது. புபூசா ரொட்டி சுட்டு விற்கிற ஐம்பத்து மூன்று வயது விதவைக்கு இங்கிலீஷில் அப்படி என்ன அவசரம்?

“அமெரிக்க மாப்பிள்ளை வர்றாராக்கா?” என்று பக்கத்து பெஞ்சு யனிரா சீண்டினாள்.

“ஆள் வர்றது வாஸ்தவம்தான். அடுத்த மாசம் ஃப்ளைட்டு.”

“அப்ப ‘ஐ லவ் யூ’ போதுமே. ‘ஹூ’ எதுக்கு?”

“அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்லணும்ல?”

டெல்மி நீட்டிய துண்டுச்சீட்டைப் படித்த டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதிலிருந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள். மாவு பிசையும்போதெல்லாம் டெல்மி அதையே முணுமுணுத்தாள்.

அந்த நாளும் வந்தது. உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு விமான நிலையத்தில் நின்றாள். துணைக்கு வந்த யனிரா, வெளியே வந்த நரைத்த தலைகளையெல்லாம் காட்டி, “இவரா? அவரா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

டெல்மியின் அதே மூக்கும் அதே தெற்றுப்பல்லுமாக, முப்பது வயதுப் பெண் ஒருத்தி எதிரே வந்து நின்றாள். போர்க்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் டெல்மியின் மடியிலிருந்து பிடுங்கிப்போய், கடல்தாண்டித் தத்துக் கொடுத்த ஆறு மாதக் குழந்தை.

‘உன்னைப் பெற்ற அம்மா நான்’ என்ற அந்த இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்ல, டெல்மி தன் சீட்டைப் பிரித்தாள்.

அந்தப் பெண்ணும் ஒரு சீட்டைப் பிரித்தாள். தட்டுத்தடுமாறி டெல்மியின் ஸ்பானிஷில் படித்தாள்.

“நீங்க... பெத்த... பொண்ணு நான்.”

டெல்மி தன் சீட்டைக் கசக்கிவிட்டு, தன் பாஷையிலேயே கேட்டாள்.

“சாப்பிட்டியா, கண்ணு?”