நாலுல ஒண்ணு

2011 ஆகஸ்ட் 14, ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஒரு கார் ஷெட். ஒரு பழுப்பு மலைப்பாம்பு ஜோடியின் நான்கு முட்டைகள் வெதுவெதுப்பான பெட்டியில் கிடக்கின்றன. இரண்டின் மரபணுவிலும் வெள்ளை நிறம் ஒளிந்திருப்பதாக விற்றவர் சொன்னதை நம்பி அந்தப் பாம்புகளை வாங்கியவர் வெண்டல். வெள்ளைக் குட்டி வராவிட்டால் ஷெட்டை மனைவி டார்லாவின் காருக்கு விட்டுவிடுவதாக வாக்கு. வெண்டல் சின்னக் கத்தரியால் தோல் போன்ற முட்டை ஓட்டைக் கிழிக்கிறார். முதல் மூன்றிலும் பழுப்புத் தலை. "நாலுல ஒண்ணு வெள்ளைன்னியே?" "நாலுக்கும் சேத்து இல்ல, டார்லா. ஒவ்வொரு முட்டைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு." "நல்லா சமாளிக்கிற. கத்தரியக் குடு, என் காருக்கு நானே இடம் பாத்துக்கறேன்." டார்லா நான்காவதைக் கிழிக்கிறார். டார்ச் வெளிச்சத்தில் ஈரம் மினுங்க, வெண்ணெய் நிறத்தில் ஒரு மூக்கு, பிறகு ஒரு சிவப்புக் கண். "வெண்டல்! வெள்ளை! ஐயோ, என்னையே பாக்குது!" வெண்டலின் தோளைப் பிடித்துக் குலுக்குகிறார். கார் வெளியே வெயிலிலேயே நிற்கிறது.